நாலு மணிச் சாப்பாடு

பெரிய காஞ்சிபுரத்தில் சாயங்காலம் நாலு மணிக்கு ராத்திரிச் சாப்பாட்டை முடித்துவிடுகிற ஆள் சுமதிநாதன் ஒருவன்தான். மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்தான். அந்த நேரத்தில் கடைக்குள் வருகிறவர்கள், கண்ணாடிப் பெட்டியின் மேல் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு அவன் சப்பாத்தி தின்பதைப் பார்ப்பார்கள். போனில் அவன் மனைவி திரிசலா. அவளும் தின்றுகொண்டிருப்பாள்.

திரிசலா ராணுவ மருத்துவமனையில் நர்ஸ். மேஜர். இருந்தது வடகிழக்கு மலையில் ஏதோ ஓர் ஊர். அந்த ஊரின் பெயரைப் போனில் சொல்லக்கூடாது. அதனால் அவள் இருக்கும் ஊரைப் பற்றி அவனுக்கு உறுதியாகத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: அங்கே சூரியன் எத்தனை மணிக்கு மறைகிறது என்பது.

இருவரும் சமணக் குடும்பம். பொழுது சாய்ந்தபின் வாயில் பருக்கை படக்கூடாது. சூரியன் மறைவதற்கு இரண்டு நாழிகை, ஏறக்குறைய முக்கால் மணி நேரம், முன்பே கை கழுவிவிட வேண்டும். மலை ஊரில் பொழுது சீக்கிரம் சாயும். மேற்கே மலை வேறு. ஆகஸ்டு மாதத்தில் நாலு மணிக்கு உட்கார வேண்டியிருந்தது, டிசம்பரில் மூன்றுக்கே. காஞ்சிபுரத்தில் ஆறு மணி வரை வெயில் அடித்தாலும் சுமதிநாதன் அவள் ஊர்ச் சூரியனுக்குத்தான் சாப்பிட்டான். போன வருஷம் அவள் சொல்லியிருந்தபடி, வாரத்துக்கு ஒரு வரி என்று அந்த ஊர் அஸ்தமன நேரங்களையும் சாப்பாட்டு நேரங்களையும் எழுதி, கண் பரிசோதிக்கும் எழுத்து அட்டைக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தான். இருவரும் ஒரே வீட்டில் வாழ்வதற்கு அவர்களிடம் இருந்த வழி அதுதான்.

"என்னா நயினாரே, பகல்லயே ராவு வந்துடுச்சா உனக்கு?" என்பார் பக்கத்து ஜெராக்ஸ் கடை திருஞானசம்பந்தம்.

"பட்டாளத்து டைம்ண்ணா."

"பொண்டாட்டி பட்டாளத்துல, புருஷன் கண்ணாடிக் கடையில. உலகம் எங்க போவுதுன்னு உன் கண்ணாடியப் போட்டாத்தான்பா தெரியும் போல."

கல்யாணத்தின்போதே இந்தப் பேச்சு இருந்தது. எறும்பை மிதிக்காமல் நடக்கிறவர்கள் வீட்டுப் பெண் பட்டாளத்திலா என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். "கட்டுப்போடத்தானே போறேன், சுடவா போறேன்?" என்றாள் திரிசலா. அந்தப் பதிலுக்காகவே சுமதிநாதன் அவளைக் கட்டிக்கொள்ளச் சம்மதித்தான். முதல் ஏழு வருஷம் அவள் மாற்றலாகிப் போன ஊருக்கெல்லாம் பின்னாலேயே போனான். அதிகாரிகளின் மனைவிமார் கூட்டத்துக்கு அழைப்பு வரும். உறையின் மேல் 'திருமதி சுமதிநாதன்' என்று இருக்கும். அவன் போய்க் கடைசி நாற்காலியில் உட்காருவான். ஒருமுறை கோலப் போட்டிக்கு அவனை நடுவராகப் போட்டார்கள். குழந்தை இல்லை. அப்பா இறந்தபின் கடையைப் பார்க்க ஆளில்லாமல் ஊருக்குத் திரும்பினான்.

திரும்பியபின் தனக்கென்று ஒரு விதி வைத்துக்கொண்டான். ராணுவச் செய்தி எதையும் படிப்பதில்லை, பார்ப்பதில்லை. டி.வி.யில் பச்சை உடுப்பு தெரிந்தால் அணைத்துவிடுவான். திருஞானசம்பந்தத்துக்கு இது தெரியும். அப்படிச் செய்தி வந்த அன்றைக்குப் பேப்பரை மடித்துத் தன் மிஷினுக்கு அடியில் வைத்துவிடுவார்.

அக்டோபரில் ஒரு வியாழக்கிழமை ரேணுகாம்பாள் கடைக்கு வந்தாள். ஐயம்பேட்டைக்காரி. ஐம்பத்தைந்து வயது இருக்கும். தறியில் பழைய பாவு தீர்ந்ததும், அதன் இழை முனையோடு புதுப் பாவின் இழை முனையை ஒவ்வொன்றாகத் திரித்துப் பிணைக்கிற வேலை அவளுடையது. நாலாயிரம், ஐயாயிரம் இழை. விரலில் சாம்பல் தொட்டுக்கொண்டு திரிக்க வேண்டும். இப்போது இழை இரண்டிரண்டாகத் தெரிகிறது என்றாள்.

சோதனை பிரேமை அவள் மூக்கில் மாட்டி, வில்லையை மாற்றி மாற்றிப் போட்டான்.

"இப்பத் தெளிவா இருக்குதா, முன்ன போட்டது தெளிவா இருந்துச்சா?"

"ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்குது நைனா."

அவள் பார்வை எழுத்து அட்டையில் இல்லை. சுவரில் சீருடையோடு மாட்டியிருந்த திரிசலாவின் படத்தில் இருந்தது.

"அது யாரு?"

"என் வீட்டுக்காரிம்மா. மிலிட்டரி ஆஸ்பத்திரியில இருக்காங்க."

"எந்த ஊரு?"

"பேரு சொல்லக்கூடாதும்மா. மலை."

"என் புள்ளையும் மலையிலதான். அருளு. அவனும் மிலிட்டரிதான். ரோட்டுல மண்ணு சரிஞ்சு இடுப்புல அடி. ஆஸ்பத்திரியில போட்டாங்க." பிறகு கேட்டாள்: "உன் ஊட்டுக்காரம்மாவக் கேட்டுப் பாக்கறியா?"

மணி நாலு. போன் அடித்தது. திரிசலா திரையில் வந்தாள், முன்னால் தட்டோடு. அவன் கேட்டான்.

"ஐயம்பேட்டையில இருந்து ஒரு அம்மா வந்துருக்காங்க. அவங்க பையன் அருள் உங்க ஆஸ்பத்திரியிலயான்னு கேக்கறாங்க. இடுப்புல அடியாம்."

திரிசலாவின் கை வாய்க்குப் போகும் வழியில் நின்றது. படம் உறைந்துவிட்டது என்று நினைத்தான். பிறகு அவள் கண் சிமிட்டினாள்.

"ஒன்பதாம் நம்பர் பெட். இருக்கான். இப்பத்தான் சாப்பிட்டான்."

ரேணுகாம்பாள் சோதனை பிரேமை மெல்லக் கழற்றினாள். பெட்டியின் மேல் சத்தமில்லாமல் வைத்தாள். கண்ணாடி வாங்காமல் படியிறங்கிப் போனாள்.

அடுத்த வியாழக்கிழமை நாலு மணிக்கு வந்தாள். அதற்கடுத்த வியாழனும். ஸ்டூலில் உட்காருவாள். "சாப்ட்டானாமா?" என்பாள். திரிசலா போனில் சொல்லுவாள். கஞ்சி குடித்தான். இன்றைக்கு ரொட்டி. பருப்பில் உப்புப் போதவில்லை என்றான். சொல்லும்போது அவள் தன் வலது பக்கமாக ஒருமுறை பார்ப்பாள், பக்கத்தில் இருக்கிறவரிடம் கேட்டுச் சொல்வதுபோல.

"அவங்கம்மாகிட்ட ஒரு வார்த்த பேசச் சொல்லேன்" என்றான் ஒரு நாள்.

"பேஷண்ட் கையில போன் குடுக்கக்கூடாதுங்க. ரூல்."

ராணுவத்தில் எல்லாவற்றுக்கும் ஒரு ரூல் இருக்கும். அவன் அதற்குமேல் கேட்கவில்லை.

இன்னொரு நாள் ரேணுகாம்பாளே கேட்டாள். "அவன் பைக்க விக்கலாம்னு இருக்கோம் நைனா. ஆர்.சி. புக்கு எங்க வெச்சான்னு கேளு. ஊடு பூரா தேடிட்டோம்."

திரிசலா வலது பக்கம் பார்த்தாள். "பழைய ஹெல்மெட்டுக்குள்ள. பஞ்சுக்கு அடியில."

அடுத்த வாரம் வந்தபோது ரேணுகாம்பாள் ஒரு டஜன் வாழைப்பழம் கொண்டுவந்து பெட்டியின் மேல் வைத்தாள். "இருந்துச்சு" என்றாள். அவ்வளவுதான். அவள் கைவிரல்களில் சாம்பல் இருந்தது. பிரேம்களை மூடியிருந்த கண்ணாடியில் நாலு விரல் தடம் பதிந்தது. அவள் போனபின் துடைத்தான்.

நவம்பர் கடைசியில் அவனுக்கு ஒன்று உறுத்தியது. சுவரில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்தான். அந்த வார வரியில் அவர்கள் சாப்பாட்டு நேரம் மூன்று ஐந்து. ஆனால் போன் நாலு மணிக்குத்தான் வருகிறது. போன வாரமும் நாலு. அதற்கு முந்தின வாரமும். செப்டம்பரிலிருந்தே நாலு. முன்பெல்லாம் வாரத்துக்கு நாலைந்து நிமிஷம் என்று நேரம் முன்னால் நகர்ந்துகொண்டே வரும். அவளேதான் சொல்லுவாள், "நாளையிலேர்ந்து மூணு அம்பதுங்க" என்று. எப்போது சொல்வதை நிறுத்தினாள் என்று யோசித்தான்.

போன் வந்தது. திரிசலாவுக்குப் பின்னால் ஜன்னல். ஜன்னல் கறுப்பாக இருந்தது.

"ஏன் அங்க இருட்டா இருக்குது?"

"மேகம்."

"பொழுது போயிடுச்சு திரிசலா. நீ இருட்டுல சாப்பிட்டுக்கினு இருக்கே."

அவள் திரும்பி ஜன்னலைப் பார்த்தாள். திரும்பி அவனைப் பார்த்தாள். "மணி நாலுதானேங்க ஆவுது" என்றாள். அவள் காய்ச்சலில் கிடந்தபோதும், ரயிலில் போனபோதும், பயிற்சி முகாமிலும் பொழுது சாய்ந்து பச்சைத் தண்ணீர் குடிக்காதவள். கவளத்தை உருட்டி வாயில் போட்டாள்.

அப்போதுதான் அந்தச் சத்தம் அவனுக்குக் கேட்டது. ஸ்பூன் எவர்சில்வர் தட்டில் படுகிற சத்தம். திரிசலா கையால்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"பக்கத்துல யாரு?"

"யாருமில்லயே." போனைச் சற்று நகர்த்தினாள். நகர்த்துவதற்கு முன், திரையின் ஓரத்தில் இன்னொரு தட்டின் விளிம்பு தெரிந்தது.

டிசம்பர் முதல் வாரம் ரேணுகாம்பாள் வரவில்லை. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, அவளுக்காக அரைத்து வைத்திருந்த வெள்ளெழுத்துக் கண்ணாடியோடு ஷேர் ஆட்டோ ஏறி ஐயம்பேட்டைக்குப் போனான். கண்ணாடி கொடுப்பது ஒரு சாக்கு. அவளிடம் கேட்க வேண்டும் என்று இருந்தது; என்ன கேட்க வேண்டும் என்று தெரியவில்லை.

பேரைச் சொன்னதும் வழி சொன்னார்கள். ஓட்டு வீடு. ஆள் இல்லை. பக்கத்தில் ஆட்டுக் கொட்டகை. முந்தின வாரம் பெய்த மழைக்குக் கொட்டகைக் கூரையில் பழைய பிளெக்ஸ் பேனர் ஒன்றைப் போர்த்திச் செங்கல் வைத்திருந்தார்கள். ஒரு பக்கம் காற்றில் தூக்கிக்கொண்டு படபடத்தது. தூக்கும்போது அடிப்பக்கம் தெரிந்தது. சிரிக்கிற ஒரு பையனின் முகம். தொப்பியும் சீருடையும். இரண்டு பக்கமும் தேசியக் கொடி. 'கண்ணீர் அஞ்சலி'. கீழே பெயர். பெயருக்குக் கீழே இரண்டு தேதிகள். இரண்டாவது தேதி ஆகஸ்டு பதினேழு.

பேனர் இறங்கியது. மறுபடி காற்று வந்தது. மறுபடி படித்தான்.

"இன்னா நைனா, இவ்ளோ தூரம்?"

ரேணுகாம்பாள் பின்னால் நின்றாள். இடுப்பில் புல்லுக்கட்டு. அவன் பார்க்கிற இடத்தைப் பார்த்தாள். புல்லை இறக்கிவிட்டு ஆடுகளுக்குப் பிரித்துப் போட்டாள்.

"உங்களுக்குத் தெரியுமாம்மா?" என்றான். எவ்வளவு அசட்டுத்தனமான கேள்வி என்று கேட்டபின் தெரிந்தது.

"பெத்தவளுக்குத் தெரியாதா? பொட்டி மேல கொடி போட்டு எடுத்தாந்தாங்க. மூஞ்ச மட்டும் காட்டுனாங்க. சாம்பலத் திருமுக்கூடல் ஆத்துல கரைச்சுட்டு வந்தோம். கலெக்டர்லாம் வந்தாரு."

"அப்புறம் ஏம்மா எங்கிட்ட..."

"கண்ணாடி போடத்தான் வந்தேன். போட்டோவப் பாத்தேன். யாராவது அவனக் கடைசியாப் பாத்தவங்க இருந்தா, என்னா சொன்னான்னு கேக்கலாம்னு நெனச்சேன். அந்தம்மா 'சாப்ட்டான்'ன்னாங்க." அவள் புல்லிலிருந்து ஒரு முள்ளை எடுத்துத் தூர எறிந்தாள். "ரெண்டு மாசமா எனக்கு ராத்திரியில ஒரே எண்ணம். பசியோட போனானோன்னு. அந்தம்மா சாப்ட்டான்னு சொன்னதுலருந்து தூங்கறேன்."

"அவ பொய் சொல்லியிருக்காம்மா."

"ஹெல்மெட்டுக்குள்ள புக்கு இருந்துச்சே நைனா?"

ஆடு அவன் சட்டையை நக்கியது.

"எத்தன மணிக்கும்மா?" என்றான். "அன்னிக்கு."

"நாலேகால்னு காகிதத்துல போட்டுக் குடுத்தாங்க. சாயங்காலம்."

ஷேர் ஆட்டோவில் திரும்பும்போது அந்தத் தேதி அவன் தலையில் சுற்றிக்கொண்டே வந்தது. ஆகஸ்டு பதினேழு. சுதந்திர தினத் தள்ளுபடி கடைசி நாள். படுக்கையறைக்குப் புதுச் சீலிங் ஃபேன் வாங்கி மாட்டிய நாள். அன்றைக்கு அவன் கடையில் சாப்பிடவில்லை, வீட்டில் சாப்பிட்டான். திரிசலா பத்து நிமிஷத்தில் தின்று எழுந்துவிடுவாள். டூட்டிக்கு நடுவில் வருகிறவள். அன்றைக்கு, போனை மேலே தூக்கி ஃபேனைக் காட்டினான். ஒன்றில் வைத்தால் இப்படி, ஐந்தில் வைத்தால் இப்படி. "போவணுங்க" என்றாள். "இரு, மூணுல பாரு, சத்தமே இல்ல." சிரித்துக்கொண்டே பார்த்தாள். இருபது நிமிஷம் ஆயிற்று.

வீட்டுக்கு வந்து பீரோவில் ஃபேனின் வாரண்டி அட்டையை எடுத்துப் பார்த்தான். 17 தான். அட்டையைப் பார்த்த அன்று முதல் அவன் அந்த ஃபேனைப் போடவில்லை. காற்று வந்தால் அதுவே மெல்லச் சுற்றும்.

மறுநாள் பக்கத்துக் கடையில் கேட்டான். "ஐயம்பேட்டைப் பையன் ஒருத்தன் மிலிட்டரியில செத்தது உங்களுக்குத் தெரியுமாண்ணா?"

"ஊருக்கே தெரியும்பா. நாலு நாளு பேப்பர்ல வந்துச்சு. நீதான் மிலிட்டரி நியூஸே ஆவாதுன்னு ஓடறவனாச்சே. ஏன், தெரிஞ்ச ஆளா?"

"ஆமாண்ணா" என்றான்.

திரிசலாவிடம் போனில் எதுவும் சொல்லவில்லை. ஜனவரியில் லீவு. நேரில் வரட்டும். அவள் மனசு எங்கேயோ ஓர் இடத்தில் நின்றுவிட்டது. அதைத் தப்பாகத் தொட்டால் உடைந்துவிடும் என்று பயந்தான். பெரிய டாக்டருக்குத் தெரிந்தால் வேலை போகலாம். வேலை போனால் போகட்டும். இவள் திரும்பி வர வேண்டும். தினமும் நாலு மணிக்கு, கறுத்த ஜன்னலின் முன்னால் உட்கார்ந்து அவள் சாப்பிடுவதைப் பார்த்தான். அவனும் சாப்பிட்டான். ஸ்பூன் சத்தம் கேட்டால் இருமினான்.

பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பு வந்தாள். சூட்கேசை இறக்கும்போது அதே திரிசலாதான். வீட்டைச் சுற்றி வந்து ஒட்டடையைக் குறை சொன்னாள். தண்ணீர் வடிகட்டும் துணி பழசாகிவிட்டது என்று புதுத் துணி கட்டினாள். படுக்கையறையில் மேலே பார்த்தாள். ஃபேன் நின்றிருந்தது.

மறுநாள் வியாழக்கிழமை. நாலு மணிக்கு அவள் அடுக்களையில் தரையில் உட்கார்ந்தாள். வெளியே வெயில் சுள்ளென்று அடித்தது.

"இங்க பொழுது ஆறு மணிக்குத்தான் போவும் திரிசலா. இன்னும் ஒரு மணி நேரம் கழிச்சுச் சாப்பிடலாமே?"

"அங்க இருட்டிடுச்சு" என்றாள்.

இரண்டு தட்டு வைத்தாள். அவனுக்கு ஒன்று, தனக்கு ஒன்று என்று நினைத்தான். தன் தட்டில் போட்டுக்கொண்டாள். இன்னொரு தட்டில் கொஞ்சம் சோறு, கொஞ்சம் பருப்பு, ஒரு ஸ்பூன். அதை வலது பக்கம் வைத்தாள். பிறகுதான் அவனுக்கு மூன்றாவது தட்டை எடுக்க எழுந்தாள்.

"நைனா, ஊட்லதான் இருக்கியா? கடை சாத்தியிருந்துச்சு."

ரேணுகாம்பாள் வாசலில் நின்றாள். அவன் கொடுத்த கண்ணாடியைப் போட்டிருந்தாள். திரிசலா எழுந்து நின்றாள். அவர்கள் ஒருவரையொருவர் நேரில் பார்த்ததில்லை. ஆனால் யார் என்று யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"உக்காரும்மா, சாப்பாட்டு மேலருந்து எழுந்திருக்காதே" என்றாள் ரேணுகாம்பாள். அவளும் எதிரில் உட்கார்ந்தாள். பக்கத்துத் தட்டைப் பார்த்தாள். "இது அவனுக்கா?"

திரிசலா தலையசைத்தாள்.

"எம்மா நாளா வெக்கிறே?"

"நீங்க கேட்ட அன்னிலேர்ந்து. இல்ல, அதுக்கு முன்னாடியே வெச்சுக்கினு இருந்தேன். நீங்க கேட்டதும்தான் வாயில வந்துச்சு."

"ஹெல்மெட்டு?"

"தெரியலம்மா. நான் நெனச்சுச் சொல்லல. அதுவா வாயில வருது." அவள் குரல் மேஜர் குரலாக இல்லை. "அன்னிக்குச் சாப்பிடப் போனேம்மா. பொழுது சாயறதுக்குள்ள சாப்பிடணும், எங்க வழக்கம். 'அக்கா, பசிக்குதுக்கா'ன்னான். ஆபரேஷனுக்கு எழுதியிருந்தாங்க, ஒண்ணும் குடுக்கக்கூடாது. 'பத்து நிமிஷம், சாப்பிட்டு வந்துடறேன்'னேன். 'நீங்க மட்டும் சாப்பிடுங்க'ன்னு சிரிச்சான். வரும்போது இல்ல. நான் இருந்தாலும் போயிருப்பான்னுதான் டாக்டர் சொன்னாரு. ஆனா நான் சாப்பிட்டுக்கினு இருந்தேன்."

சுமதிநாதன் சுவரோரமாக நின்றான். "நான்தான் புடிச்சு வெச்சேன்" என்றான். "ஃபேன காட்டினேன்." யாரும் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"இன்னா சாப்ட்டே அன்னிக்கு?" என்றாள் ரேணுகாம்பாள்.

"சப்பாத்தி. பருப்பு."

"வயிறு ரொம்பிச்சா?"

"அப்புறம் ஒரு நாளும் ரொம்பல."

ரேணுகாம்பாள் கையை நீட்டி வலது பக்கத் தட்டைத் தன் முன்னால் இழுத்தாள். ஸ்பூனை எடுத்துக் கீழே வைத்தாள். பருப்பைச் சோற்றோடு பிசைந்தாள். விரல் சாம்பல் சோற்றில் ஒட்டியது. கழுவவில்லை. ஒரு கவளம். இன்னொரு கவளம். அவசரமில்லாமல், பசிக்கிறவள் சாப்பிடுவதுபோலச் சாப்பிட்டாள். அந்த நேரம் முழுக்கத் திரிசலாவின் கண்கள் தட்டின் மேலேயே இருந்தன. கடைசிப் பருக்கையை விரலால் ஒற்றி வாயில் போட்டுக்கொண்டாள்.

"உப்பு போதல" என்றாள்.

எழுந்து போய்த் தட்டைத் தேய்த்துக் கழுவினாள். கவிழ்த்து வைத்தாள்.

"இனிமே அவனுக்கு எடுத்து வெக்காதே. சாப்ட்டாச்சு."

போகும்போது சுமதிநாதனிடம், "கண்ணாடி நல்லா இருக்குது நைனா. இழை ஒண்ணொண்ணாத் தெரியுது" என்றாள். அதன்பிறகு எந்த வியாழக்கிழமையும் அவள் வரவில்லை.

மறுநாள் நாலு மணிக்குத் திரிசலா மாடிக்குப் போய் வானத்தைப் பார்த்தாள். "இன்னும் நேரம் இருக்குதுங்க" என்று இறங்கி வந்தாள். ஐந்து மணிக்குச் சாப்பிட்டார்கள். இரண்டு தட்டு. அன்று ராத்திரி அவளே எழுந்து ஃபேனைப் போட்டாள். மூன்றில். சத்தமே இல்லை.

மார்ச் முதல் வாரம் திரும்பிப் போனாள். சேர்ந்த மூன்றாம் நாள் போன் வந்தது. "நாளையிலேர்ந்து மூணே முக்கால்ங்க." அவளுக்குப் பின்னால் ஜன்னல் வெள்ளையாக இருந்தது. மலை தெரிந்தது. அடுத்த வாரம் மூன்று ஐம்பது. சூரியன் மறுபடி நகர்கிறது. சுமதிநாதன் சுவரில் புதுத் தாள் ஒட்டினான். கடைக்கு வருகிறவர்களுக்குக் காரணமில்லாமல் பத்து ரூபாய் குறைத்தான். "என்னா நயினாரே, ஆளு தெளிஞ்சுட்டே?" என்றார் திருஞானசம்பந்தம்.

அந்த வாரம் ஒரு மத்தியானம், மூன்றரை மணி இருக்கும், கடையில் ஒருவர் வந்து நின்றார். அறுபது வயது. வெள்ளைச் சட்டைப் பையில் ஒரு போட்டோ துருத்திக்கொண்டிருந்தது.

"கண் பாக்கணுங்களா?"

"கண்ணு நல்லாத்தான் இருக்குது சார்." ஸ்டூலின் விளிம்பில் உட்கார்ந்தார். "எம் பேரு கோதண்டபாணி. ஐயம்பேட்டையில சொன்னாங்க. உங்க ஊட்டம்மா மிலிட்டரி ஆஸ்பத்திரியில இருக்காங்களாம். பசங்களப் பத்திக் கேட்டா சொல்றாங்களாம்."

"அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லிங்க."

"என் பையன் தனுஷ். போன வருஷம். அவன் இருந்தது வேற ஆஸ்பத்திரி. ஆனா அங்கல்லாம் ஒருத்தருக்கொருத்தர் தெரியாமயா இருக்கும்?" போட்டோவை எடுத்துப் பெட்டியின் மேல் வைத்தார். "வேற ஒண்ணும் வேணாம் சார். சாப்ட்டானான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க."

சுமதிநாதன் போட்டோவைப் பார்க்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்தான். மூன்று நாற்பத்திரண்டு. இன்னும் எட்டு நிமிஷத்தில் திரிசலா வருவாள். இந்த மனிதர் இங்கே உட்கார்ந்திருப்பார். ஒரு வார்த்தை அவள் காதில் விழுந்தால் போதும். அவள் வலது பக்கம் பார்ப்பாள். சூரியன் நின்றுவிடும்.

"அவங்க டூட்டியில இருக்காங்க. இன்னிக்குப் பேசமாட்டாங்க."

"நான் உக்காந்துக்கினு இருக்கேன். எனக்கு என்னா வேல?"

"அவங்களுக்குத் தெரியாதுங்க. நீங்க போங்க." இதைத்தான் சொல்ல வாயைத் திறந்தான்.

"கொள்ளு ரசம் ஊத்திச் சாப்பிட்டான்" என்றான்.

வெளியே ஒரு ஆட்டோ ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அவன் நினைத்துச் சொல்லவில்லை. அவன் வீட்டில் கொள்ளு ரசம் வைத்து வருஷக்கணக்காகிறது.

கோதண்டபாணியின் முகம் மெல்ல விரிந்தது. "ஒத்துக்காதுன்னு எத்தினி வாட்டி சொல்றது அவனுக்கு" என்றார். சட்டைக் காலரால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ரசம்னா உசுரு சார். வயிறு கடிக்கும், ஆனா உடமாட்டான்." போட்டோவை எடுத்துப் பையில் வைத்துப் பொத்தானைப் போட்டார். "அடுத்த வாரம் வரட்டுங்களா?"

"மூணு மணிக்கு வாங்க" என்றான் சுமதிநாதன். "மூணரைக்குள்ள போயிடணும்."

அவர் படியிறங்கித் தெரு திரும்பும் வரை பார்த்தான். போன் அடித்தது. முழுசாக நாலு முறை அடிக்க விட்டு எடுத்தான். திரிசலா. பின்னால் வெள்ளை ஜன்னல்.

"ஏன் லேட்டு?"

"கஸ்டமர்."

"உக்காருங்க, பொழுது போவுது."

டிபன் கேரியரைத் திறந்தான். தட்டில் போட்டுக்கொண்டான். அவள் தன் வார்டில் ஒரு ஹவில்தார் அடித்த ஜோக்கைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவனும் சிரித்தான். சிரித்துக்கொண்டே கேரியரின் மூடியைத் திருப்பி, அதில் ஒரு பிடி சோற்றைத் தனியாக எடுத்து வைத்தான். மூடி படத்தில் விழாதபடி போனைச் சற்று நகர்த்தினான்.